மச்சான் துபாயிலிருந்து வருகிறார், மைல்டாக எந்த சிகார் வாங்கி வரச் சொல்வது?

மண்டபத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணே, மச்சான் அடுத்த மாசம் துபாயிலிருந்து வர்றார். ஒரு நல்ல சிகார் பிடித்துப் பார்க்க ஆசை. சிகரெட் பழக்கம் கிடையாது. போன வருஷம் கருப்பர் கோயில் படையலில் வைத்த சுருட்டை ரெண்டு இழுப்பு இழுத்துத் தலை சுற்றி வாந்தியே வந்துவிட்டது. அதனால் மைல்டாக ஒன்று சொல்லுங்கள். வெளிர் நிறமாக இருந்தால் மைல்டு என்கிறார்களே, சரியா?"

பாதி சரி. மீதிப் பாதியில்தான் விஷயமே இருக்கிறது. துபாய் தேராவில் புகையிலைக் கடை கவுண்டரில் பல வருஷம் நின்றவன் நான். இப்போது கீழக்கரையில் இருக்கிறேன். அதனால் கடைப் பக்கத்துச் சங்கதியும் நம் கடற்கரைச் சங்கதியும் சேர்த்தே சொல்கிறேன். இரண்டாவதை வெளிநாட்டுக்காரன் எவனும் உங்களுக்குச் சொல்லப் போவதில்லை.

முதலில் ஒன்று. மைல்டு என்றால் காரம் குறைவு, அவ்வளவுதான். கேடு குறைவு என்று அர்த்தமில்லை. பெரிய சிகார் ஒன்றில் இருக்கும் புகையிலை, ஒரு பாக்கெட் சிகரெட்டில் இருக்கும் புகையிலை அளவுக்கே வரும். புகையை நெஞ்சுக்குள் இழுக்காவிட்டாலும் வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய் எல்லாவற்றுக்கும் அது போய்ச் சேருகிறது. அங்கெல்லாம் வரும் புற்றுநோய்க்கும் சிகாருக்கும் உள்ள தொடர்பு நிரூபணமானது. உலக சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையே 'லைட்', 'மைல்டு' என்று பெட்டியில் போடுவது ஆளை ஏமாற்றும் வேலை என்கிறது. எந்தப் பழக்கமும் இல்லாத உங்களுக்கு நான் சொல்லக்கூடிய உருப்படியான யோசனை, மச்சானிடம் நல்ல பேரீச்சம்பழம் வாங்கி வரச் சொல்வதுதான். அதைக் கேட்டும் ஆசை போகாது என்று தெரியும். வருஷத்துக்கு ஒன்றிரண்டோடு நிறுத்திக்கொள்ள முடியும் என்றால் மேலே படியுங்கள். ரத்த அழுத்தம், இருதயக் கோளாறு உள்ளவர்களும் பதினெட்டு வயது ஆகாதவர்களும் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.

படையல் சுருட்டு உங்களைக் கவிழ்த்ததில் ஆச்சரியமே இல்லை. திண்டுக்கல், வேடசந்தூர், வேதாரண்யம் பக்கத்து இலை தடிப்பானது, காரமானது. மெல்லுகிற புகையிலைக்கும் சுருட்டுக்கும் என்றே விளைவிக்கிறார்கள். நாட்டுச் சுருட்டு இரண்டு முனையும் திறந்தே வரும். வெட்ட வேண்டிய வேலை இல்லை, பற்றவைத்தவுடன் புகை மளமளவென்று வாய்க்குள் வந்துவிடும். பழகாத ஆள் அதைச் சிகரெட் மாதிரி நெஞ்சுக்குள் இறக்கிவிடுவான். அதற்கு மேல், படையல் முடிகிற வரைக்கும் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் இருந்திருப்பீர்கள். வெறும் வயிற்றில் அப்படி இழுத்தால், உலகத்திலேயே சாதுவான சிகாரும் அதே வேலையைத்தான் செய்யும்.

சிகார் புகையை உள்ளே இழுக்கவே கூடாது. சிகரெட் புகை அமிலப் பக்கம் சாய்ந்தது. நுரையீரலுக்குள் போனால்தான் அதிலிருக்கும் நிக்கோட்டின் சரியாக ஏறும். சிகார் புகை அதற்கு எதிர்ப்பக்கம். வாயில் வைத்துக்கொண்டிருந்தாலே கன்னத்தின் உட்புறத் தோல் வழியாக ரத்தத்தில் சேர்ந்துவிடும். வாயில் வாங்கி, ருசி பார்த்து, வெளியே விட வேண்டியதுதான். இந்த ஒன்றை மட்டும் நீங்கள் பிடித்துக்கொண்டால் போதும், மைல்டு தேடும் வேலை பாதி முடிந்தது.

சரி, நிறத்துக்கு வருவோம். ஒரு சிகாரைப் பிரித்துப் பார்த்தால் மூன்று பகுதி இருக்கும். வெளியே தெரிகிற ராப்பர் என்ற மேல் இலை, அதற்கு உள்ளே எல்லாவற்றையும் இறுக்கிப் பிடிக்கும் கட்டு இலை, நடுவில் மடித்து வைத்த உள் இலைகள். நீங்கள் பார்க்கிற நிறம் முழுக்க அந்த மேல் இலையுடையது. காரமோ பெரும்பாலும் உள் இலையில் இருக்கிறது. போண்டாவின் நிறத்தைப் பார்த்து உள்ளே எத்தனை மிளகாய் கிடக்கிறது என்று சொல்ல முடியுமா? அதே கதைதான்.

உள் இலையின் காரத்தை முடிவு செய்வது, அது செடியில் எந்த உயரத்தில் இருந்தது என்பது. புகையிலையை அடியிலிருந்து மேலே, தட்டுத் தட்டாகத்தான் பறிப்பார்கள். அடி இலைக்கு வொலாடோ என்று பெயர். நிழலிலேயே வளர்ந்தது, மெல்லிசு, ருசி குறைவு, ஆனால் நன்றாக எரியும். நடுத்தட்டு இலை செகோ. வாசனை இதில்தான் இருக்கும். உச்சி இலை லிகேரோ. வெயிலை நேராக வாங்கி, எண்ணெய் ஏறி, தடித்து, நிக்கோட்டின் சேர்ந்த இலை. மெதுவாகத்தான் எரியும், அதனால் சுருட்டுகிறவர்கள் இதை நட்டநடுவில் வைப்பார்கள். மைல்டு சிகார் என்பது லிகேரோ இல்லாத, அல்லது பேருக்குக் கொஞ்சம் சேர்த்த சிகார். கடைக்காரரிடம் "மைல்டா இருக்குமா?" என்று கேட்டால் எல்லாவற்றுக்கும் ஆமாம் என்பார். "இதில் லிகேரோ எவ்வளவு?" என்று கேளுங்கள். விஷயம் தெரிந்த கடைக்காரர் என்றால் முகம் மாறி, உட்கார்ந்து பேச ஆரம்பிப்பார். தெரியாதவர் என்றால் அதுவும் உடனே தெரிந்துவிடும்.

அப்படியானால் வெளிர் நிறத்துக்கு மதிப்பே இல்லையா என்றால், இருக்கிறது. வெளிர் நிற ராப்பரில் பேர்போனது கனெக்டிகட் ஷேட். அமெரிக்காவின் கனெக்டிகட் ஆற்றுப் பள்ளத்தாக்கில் 1900 வாக்கிலிருந்து வயலுக்கு மேல் துணிப் பந்தல் போட்டு, வெயில் நேரே படாமல் வளர்க்கிற இலை. இதே ரக இலையை இப்போது எக்வடோரிலும் நிறைய விளைவிக்கிறார்கள். அங்கே வானம் பெரும்பாலும் மேகம் போட்டிருப்பதால் பந்தல் தேவைப்படுவதில்லை. இந்த இலை மெல்லிசாக, பால் அதிகம் விட்ட காபி நிறத்தில், நரம்பு தெரியாமல் இருக்கும். இதைச் சுற்றுகிற கம்பெனிகள் உள்ளேயும் பெரும்பாலும் சாதுவான இலையையே வைப்பதால், 'கனெக்டிகட்' என்று பெட்டியில் இருந்தால் மைல்டாக இருக்க வாய்ப்பு அதிகம். வாய்ப்புதான், உத்தரவாதம் இல்லை. வெளியே கனெக்டிகட், உள்ளே நிகராகுவா லிகேரோ என்று வேண்டுமென்றே செய்து விற்கிறவர்களும் உண்டு. நம் ஆட்கள் நிறத்தை மட்டும் பார்த்து எடுத்துப் போய், மறுநாள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கடைக்குத் திரும்பி வருவதை நான் நிறையவே பார்த்திருக்கிறேன்.

இதற்கு நேர்மாறு மடூரோ என்கிற ராப்பர். கன்னங்கரேலென்று இருக்கும், பார்த்தாலே பயம் வரும். ஆனால் அந்தக் கறுப்பு பெரும்பாலும் இலையைக் கூடுதல் காலம், கூடுதல் சூட்டில் புழுங்கவிட்டதால் வந்தது. புழுங்கப் புழுங்க இலையில் ஒருவித இனிப்பு ஏறும். மடூரோ ராப்பர் போட்ட மைல்டு சிகார்கள் இருக்கின்றன. இருந்தாலும் முதல் தடவைக்கு அதைப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

நாட்டை வைத்தும் ஓரளவு சொல்லலாம். டொமினிக்கன் குடியரசின் இலை பொதுவாகச் சாது. நிகராகுவா, குறிப்பாக எஸ்தெலி பக்கத்து எரிமலை மண்ணில் விளைந்தது, காரம். ஹோண்டுராஸ் இடைப்பட்டது. கியூபாவில் எல்லாம் உண்டு, பிராண்டைப் பொறுத்து.

அளவுதான் அடுத்தது. சிகார் பெட்டியில் 5 x 50 என்று இரண்டு எண் போட்டிருப்பார்கள். முதல் எண் நீளம், அங்குலத்தில். இரண்டாவது விட்டம், ஓர் அங்குலத்தை அறுபத்து நான்காகப் பிரித்த கணக்கு. 50 என்றால் கிட்டத்தட்ட 20 மில்லிமீட்டர், 42 என்றால் 17 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. 5 x 50 தான் ரொபஸ்டோ. உலகம் முழுக்க, 'முதல் சிகார் ரொபஸ்டோவாக இருக்கட்டும், தடித்த சிகாரில் புகை சூடில்லாமல் வரும்' என்பார்கள். புகை சூடு குறைவு என்பது உண்மை. ஆனால் அது முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் எரிகிற சாமான். பழகாத உடம்பில் ஒரு மணி நேரத்துக்கு நிக்கோட்டின் ஏறிக்கொண்டே இருந்தால், அது எவ்வளவு மைல்டாக இருந்தாலும் கடைசியில் கூட்டுத்தொகை பெரிசுதான். என் கணக்கு வேறு. பெத்தீ கரோனா (petit corona) என்கிற அளவு, ஐந்து அங்குலம் அல்லது அதற்குக் கொஞ்சம் குறைவு, தடிமன் 42 அல்லது 43. அரை மணியிலிருந்து நாற்பது நிமிஷத்தில் முடிந்துவிடும். இதை அவசரமாக இழுத்தால் சூடேறிக் கசக்கும் என்பது ஒன்றுதான் குறை. அவசரப்படாமல் இருப்பதற்கு உங்களுக்கு நல்ல பயிற்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். 38 தடிமனில் நீட்டமாக ஒல்லியாக வருகிற லான்செரோ பார்க்க அழகு, புதியவருக்கு வேண்டவே வேண்டாம்.

இப்போது பெயர்கள். மக்கனுடோ கஃபே என்று ஒன்று இருக்கிறது. டொமினிக்கன் குடியரசில் செய்வது, கனெக்டிகட் ஷேட் ராப்பர். பழகிய ஆட்கள் இதைக் கேலி செய்வார்கள், ருசியே இல்லை என்பார்கள். செய்யட்டும். பெட்டிக்குப் பெட்டி மாறாமல் இருப்பதும், இழுத்தால் அடைக்காமல் வருவதும் அதன் பலம். முதல் சிகாருக்கு அதுதான் வேண்டும். இதற்கு ஒரு படி மேலே வாசனை வேண்டும் என்றால் ஆஷ்டன் கிளாசிக். காசு ஒரு பொருட்டில்லை என்று மச்சான் சொன்னால் டேவிடாஃப் சிக்னேச்சர் 2000. 5 x 43, நான் சொன்ன அளவிலேயே வரும். நிகராகுவா என்றாலே காரம் என்று நினைக்க வேண்டாம் என்பதற்கு ஓலிவா கனெக்டிகட் ரிசர்வும் பெர்டோமோ ஷாம்பெயினும் சாட்சி. இரண்டுமே அங்கே செய்பவை, எக்வடோர் கனெக்டிகட் ராப்பர் போட்டவை, இரண்டும் நாக்கை அடிக்காது. ஆனால் மக்கனுடோவை விட ஒரு கை கூட இருக்கும்.

துபாய் என்றதும் நம்மவர்கள் கேட்பது கொஹிபா என்கிற கியூபச் சிகார். கேட்கிற ஆளுக்கு வேறு பெயர் தெரியாது என்பதுதான் காரணம். கொஹிபா நடுத்தரத்துக்கும் மேலான காரம், முதல் ஆளுக்கு ஏற்றதல்ல. 2022இல் அதன் விலையை உலகம் முழுக்க ஒரேயடியாக ஏற்றிவிட்டார்கள். விலை ஏறிய பொருளுக்குப் போலியும் ஏறும். மேல்மூடியில் கண்ணாடி பதித்த கொஹிபா பெட்டியை யாராவது பாதி விலைக்குக் காட்டினால் யோசிக்கவே வேண்டாம், அப்படியொரு பெட்டியைக் கியூபா செய்வதே இல்லை. கியூபச் சிகார்தான் வேண்டும் என்று மச்சான் பிடிவாதம் பிடித்தால், அதில் சாதுவானவை ஓயோ தே மான்டெர்ரேயும் எச். உப்மானும். உப்மான் ஹாஃப் கரோனா மூன்றரை அங்குலம்தான், சீக்கிரம் முடிந்துவிடும். காரமான பார்டகாஸ், பொலிவார் இரண்டின் பக்கமும் இப்போதைக்குத் திரும்பிப் பார்க்க வேண்டாம்.

தகர டப்பாவில் வருகிற, விரல் அளவு குட்டி சிகார்களை 'சின்னதுதானே, மைல்டாக இருக்கும்' என்று மச்சான் வாங்கி வந்துவிடப் போகிறார். முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பலவற்றில் கட்டு இலைக்குப் பதில் புகையிலைத் தூளைக் கூழாக்கித் தாளாகச் செய்தது இருக்கும். அளவும் சிகரெட் மாதிரியே இருப்பதால் கை தானாக நெஞ்சுக்குள் இழுக்க வைத்துவிடும். வெனிலா, செர்ரி வாசனை போட்டவையும் அப்படித்தான். இனிப்பு வாசனை காரத்தை மறைக்கும், குறைக்காது.

வாங்குகிற இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஐக்கிய அரபு அமீரகத்தில் 2017 அக்டோபரிலிருந்து புகையிலைக்கு நூறு சதவீத எக்சைஸ் வரி. அதனால் ஊருக்குள் வாங்குவதைவிட விமான நிலைய டியூட்டி ஃப்ரீயில் வாங்குவது லாபம். ஆனால் அங்கே பெரும்பாலும் பெட்டியாகவோ ஐந்து ஐந்தாகவோதான் கிடைக்கும். ஒன்றிரண்டாகக் கையில் எடுத்துப் பார்த்து வாங்க வேண்டும் என்றால் ஊர்க் கடைதான். எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்: இரண்டு விரலால் லேசாக அமுக்கினால் உள்ளே போய் மெதுவாகத் திரும்பி வர வேண்டும். சருகு மாதிரி சத்தம் வந்தால் காய்ந்தது, கல் மாதிரி இருந்தால் இறுக்கிச் சுருட்டியது, இழுக்க வராது. ஊசி முனை அளவு ஓட்டை தெரிந்தால் வண்டு. இந்தியச் சுங்கத்தின் பயணிகள் சாமான் விதிப்படி, 100 சிகரெட் அல்லது 25 சிகார் அல்லது 125 கிராம் புகையிலை தீர்வையில்லாமல் கொண்டு வரலாம். கிளம்புமுன் விதி மாறியிருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளட்டும். உங்களுக்கு ஐந்து போதும். தீ பீறிட்டு எரிகிற டார்ச் லைட்டரை மட்டும் அங்கே வாங்க வேண்டாம். கைப்பை, பெரிய பெட்டி எதிலுமே விமானத்தில் விடமாட்டார்கள்.

இனி நம் கடற்கரைக்கு வருவோம். சிகாரை வைத்துக்கொள்வது பற்றி நீங்கள் எங்கே படித்தாலும் 'காய்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஈரப் பஞ்சு வையுங்கள்' என்றுதான் இருக்கும். அதை எழுதியவர்கள் குளிர்காலத்தில் ஹீட்டர் போட்டு வீட்டையே காயவைக்கிற ஊர்க்காரர்கள். நமக்குத் தொல்லை நேரெதிர். ஒரு பக்கம் வடகடல், ஒரு பக்கம் தென்கடல், பீரோவுக்குள் வைத்த சட்டையே நமத்துப் போகிற ஊர் மண்டபம். சிகாருக்கு வேண்டிய ஈரப்பதம் 65லிருந்து 70 சதவீதம். பாம்பன் காற்றில் பெரும்பாலான நாள் அதைவிட அதிகம். ஈரம் குடித்த சிகார் ஊதிப் போகும், பற்றவைக்கிற முனையில் ராப்பர் வெடிக்கும், புகை வராமல் அடைத்துக்கொள்ளும். அணைந்து அணைந்து போகும், நீங்கள் திரும்பத் திரும்பப் பற்றவைத்து உறிஞ்சுவீர்கள், புளித்த கசப்புப் புகை வரும். 'மைல்டு என்று சொன்னார்கள், இப்படிக் காரமாக இருக்கிறதே' என்று நம் பக்கத்து ஆட்கள் சொல்லும்போது முக்கால்வாசி இதுதான் காரணம். சிகாரின் தப்பு இல்லை, நமத்துப் போனதன் தப்பு.

தேக்குப் பெட்டி, கண்ணாடி மூடி வைத்த ஹியூமிடார் என்கிற சிகார் பெட்டி எல்லாம் ஷோகேஸுக்கு அழகு. மூடி ஒரு முடி அளவு இடைவெளி விட்டாலும் நம் ஊர் ஈரம் உள்ளே வந்துவிடும். ரப்பர் வளையம் போட்டு நான்கு பக்கமும் கிளிப் வைத்த சமையலறை டப்பா ஒன்று வாங்குங்கள். கழுவி, வெயிலில் இல்லாமல் நிழலில் ரெண்டு நாள் திறந்து வைத்துப் பிளாஸ்டிக் வாடை போகவிடுங்கள். உள்ளே பொவேடா மாதிரியான ஈரப்பதப் பொட்டலம், 65 என்று போட்டது ஒன்று. இது ஈரம் அதிகமானால் உறிஞ்சும், குறைந்தால் விடும், இரண்டு வேலையும் செய்யும். ஆன்லைனில் கிடைக்கிறது. பஞ்சும் தண்ணீரும் வைக்கிற பழைய சாதனம் ஈரத்தை விட மட்டுமே தெரிந்தது, நமக்கு உதவாது.

டப்பாவுக்குள் ஒரு சின்ன ஈரமானி வைத்தால் நல்லது, ஆனால் மலிவான ஈரமானி பொய் சொல்லும். அதைச் சோதிக்க நம் வீட்டு உப்பே போதும். சோடா மூடி ஒன்றில் உப்பை நிரப்பி, கரைந்துவிடாமல் நனைகிற அளவுக்குச் சில சொட்டுத் தண்ணீர் விட்டு, ஈரமானியோடு சேர்த்து ஜிப் பையில் போட்டு மூடிவிடுங்கள். ராத்திரி முழுக்க அப்படியே கிடக்கட்டும். காலையில் ஈரமானி 75 காட்ட வேண்டும். நனைந்த உப்புக்கு மேலே உள்ள காற்று எப்போதும் அந்த அளவில்தான் நிற்கும். 80 காட்டினால் உங்கள் ஈரமானி ஐந்து கூட்டிச் சொல்கிறது, அதைக் கழித்துக்கொள்ள வேண்டியது. ஒரே ஒரு எச்சரிக்கை: வாலிநோக்கம் பக்கத்திலிருந்து மூட்டையில் வருகிற கல்லுப்பை இதற்குப் போடாதீர்கள். மீன் குழம்புக்கு அதுதான் உயர்த்தி, ஆனால் அதில் ஒட்டியிருக்கும் மக்னீசிய உப்பு ஈரத்தை இழுத்துக்கொண்டு எண்ணைக் குறைத்துக் காட்டிவிடும். பாக்கெட்டில் வருகிற சுத்திகரித்த தூள் உப்பு போடுங்கள்.

வெப்பம் இன்னொரு தொல்லை. சிகாரைத் துளைக்கிற வண்டின் முட்டை, இலையிலேயே ஒட்டி வந்திருக்கலாம். 24 டிகிரிக்கு மேல் போனால் பொரிக்க ஆரம்பிக்கும், நம் ஊரில் 24 டிகிரி என்பது மார்கழி விடியற்காலை. அதனால் மச்சான் கொடுத்ததும் ஐந்தையும் ஜிப் பையில் போட்டுக் காற்றை வெளியேற்றி, மூன்று நாள் ஃப்ரீசரில் வையுங்கள். பிறகு ஒரு நாள் கீழ்த்தட்டில். பிறகுதான் வெளியே. பை அறையின் சூட்டுக்கு வரும்வரை திறக்கக் கூடாது, திறந்தால் சிகார் மேல் வேர்த்துவிடும். அப்புறம் டப்பாவுக்குள் இரண்டு வாரம் ஓய்வு. ஃப்ரிட்ஜிலேயே நிரந்தரமாக வைக்கலாமா என்று கேட்பார்கள். வைக்காதீர்கள், குளிர்ப்பெட்டி இலையை உலர்த்தும், வாடையையும் ஏற்றும். சிகார் இலை எந்த வாடையையும் ஓடிப் போய்ப் பிடித்துக்கொள்ளும். கருவாடு வைக்கிற அலமாரி, பாச்சை உருண்டை போட்ட பீரோ, கீழக்கரை வீடுகளில் அத்தர் வைக்கிற இழுப்பறை, மூன்றும் விலக்கு. மேலே வெள்ளையாகப் பஞ்சு மாதிரி பூத்திருந்தால் 'நல்ல சிகாருக்கு அப்படித்தான் பூக்கும்' என்று யாராவது சொல்வார்கள். அது பூஞ்சணம். தூக்கிப் போடுங்கள்.

அடுத்தது காற்று. ஆடி மாசக் கச்சான் காற்றில் பாம்பன் பாலத்தைப் பார்த்துக்கொண்டு சிகார் பிடிக்க வேண்டும் என்பது படத்துக்கு நன்றாக இருக்கும். நிஜத்தில் ஒரு பக்கம் மட்டும் கடகடவென்று எரிந்து மறுபக்கம் பச்சையாக நிற்கும். காற்று ஊதுகிற ஊதலில் கங்கு சூடேறி, மக்கனுடோவும் பொலிவார் மாதிரி அடிக்கும். காற்று மறைவான முற்றமோ பின்கட்டோ தேடுங்கள். வாடையும் கச்சானும் மாறுகிற இடைவெளியில், பங்குனியிலோ ஐப்பசித் தொடக்கத்திலோ காற்று விழுந்த சாயங்காலம் கிடைத்தால் உத்தமம். கிடுகுக் கூரை பக்கமும், டீசல் டின் இருக்கிற படகிலும் வேண்டாம். ராமேசுவரம் பேருந்து நிலையம், ரயிலடி, ஓட்டல் எதிலும் கூடாது. 2008 அக்டோபர் 2லிருந்து பொது இடத்தில் புகைத்தால் 200 ரூபாய் வரை அபராதம். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் உள்ளே பிடிக்கவே கூடாது, அந்தப் புகை திரைச்சீலையில் நாள்கணக்கில் நிற்கும்.

நன்றாகச் சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து உட்காருங்கள். சிகாரின் மூடிய முனையில் தொப்பி மாதிரி ஒரு சின்ன இலை ஒட்டியிருக்கும். அதில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மட்டும் வெட்ட வேண்டும். தொப்பியின் விளிம்பைத் தாண்டி வெட்டினால் ராப்பர் அவிழ்ந்துகொண்டே வரும். பெட்ரோல் லைட்டர் வேண்டாம், அந்த வாடை முதல் பத்து இழுப்புக்கு இருக்கும். கேஸ் லைட்டரோ நீளத் தீக்குச்சியோ போதும். தீயை முனையில் முட்டவிடாமல் கொஞ்சம் தள்ளிப் பிடித்து, சிகாரைச் சுழற்றிச் சுழற்றி வட்டம் முழுக்கக் கங்கு ஏறவிட்டு, அதன் பிறகு இழுங்கள்.

நிமிஷத்துக்கு ஓர் இழுப்பு. அதற்கு மேல் வேண்டாம். இதுதான் மைல்டின் இன்னொரு பாதி. ஒரே சிகாரை இரண்டு பேர் பிடித்து, ஒருவர் 'வெண்ணெய் மாதிரி' என்பதும் இன்னொருவர் 'நெருப்பு' என்பதும் இந்த வேகத்தால்தான். பக்கத்தில் ஒரு டம்ளர் கட்டஞ்சாயா இருந்தால் வேகம் தானாகக் குறையும். சாம்பலைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டாம், ஓர் அங்குலம் நிற்கட்டும், தானாக விழும். கசப்பு வந்தால் ஒரு தடவை உள்ளிருந்து வெளியே மெதுவாக ஊதிவிட்டு அடுத்த இழுப்பை எடுங்கள், அடைந்த புகை போய்விடும். கடைசி மூன்றில் ஒரு பங்கு எந்த மைல்டு சிகாரிலும் காரமாகத்தான் இருக்கும், தாரும் நிக்கோட்டினும் அங்கே வந்து படிந்திருக்கும். காசு கொடுத்து வாங்கியதாயிற்றே என்று விரல் சுடும்வரை பிடிக்காதீர்கள். பாதியில் வைத்துவிடலாம், தப்பே இல்லை.

நெற்றியில் குளிர்ந்த வேர்வை, எச்சில் ஊறுவது, வயிற்றைப் புரட்டுவது. இதில் எது வந்தாலும் உடனே சிகாரைக் கீழே வைத்துவிட்டுக் காற்றாட உட்காருங்கள். நம் பக்கம் எல்லா வீட்டிலும் சாயல்குடிக் கருப்பட்டியோ பனங்கற்கண்டோ இருக்கும், ஒரு துண்டை வாயில் போட்டுத் தண்ணீர் குடியுங்கள். சிகார் பிடிக்கிறவர்கள் எல்லா ஊரிலும் செய்கிற வைத்தியம் இதுதான், பெரும்பாலும் அரை மணியில் தெளிந்துவிடும். தெளியாமல் வாந்தி நிற்கவில்லை, நெஞ்சு படபடக்கிறது என்றால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள், சிகார் பிடித்ததை மறைக்காமல் சொல்லுங்கள்.

சிகாரைச் சிகரெட் மாதிரி நசுக்கி அணைக்க வேண்டாம், நாற்றம் கிளம்பும். சாம்பல் கிண்ணத்தில் சாய்த்து வைத்தால் சில நிமிஷத்தில் தானே அணைந்துவிடும். பத்து, பதினைந்து நிமிஷம் பேச்சு வாக்கில் அணைந்துபோனால் சாம்பலை உதிர்த்துவிட்டு மறுபடி பற்றவைக்கலாம். மறுநாள் பிடிக்கலாம் என்று மீதியைக் கொண்டுபோய் டப்பாவுக்குள் மட்டும் வைத்துவிடாதீர்கள், ஆறிய புகை நாற்றம் மற்ற நான்கிலும் ஏறிவிடும்.